கணிப்பொறி வரையும் எலுமிச்சம்பழம்

ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கிச் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். மேல்தோலில் சன்னலின் வெளிச்சம் சிறுசிறு வெண்புள்ளிகளாகத் தெறிக்கிறது. அதற்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதி ஒளியை நாற்புறமும் சிதறச் செய்து பஞ்சு போலத் தோன்றுகிறது. சுளைகளோ ஒளியை உள்ளே வாங்கி, அதில் நீலத்தைக் கவர்ந்துகொண்டு, எஞ்சியதை மஞ்சளாக வெளியே அனுப்புகின்றன. எதிரொளிப்பு, ஒளிவிலகல், சிதறல், உட்கவர்தல் என்று பாடநூலில் தனித்தனிப் பகுதிகளாக நாம் படிப்பவை யாவும் ஓர் அரைப் பழத்தில் ஒருங்கே நடைபெறுகின்றன.

இந்த அரைப் பழத்தை ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே ஹாலந்து நாட்டு ஓவியர்கள் தங்கள் மேசை மீது வைத்துத் தீட்டினார்கள். மனிதர் எவரும் இல்லாமல் பழம், பாத்திரம், பூ, கண்ணாடிக் கிண்ணம் போன்ற பொருள்களை மட்டும் வைத்துத் தீட்டும் படங்களை அசையாப் பொருள் ஓவியங்கள் என்கிறோம். இன்று அதே வகைக் காட்சிகளைக் கணிப்பொறியில் ஆக்குவது உலகெங்கும் பரவியுள்ளது. பொருள்களின் வடிவை எண்களால் அமைத்து, அவற்றின் மீது விழும் ஒளியைக் கணக்கிட்டு, தூரிகையால் தீட்டியது போன்ற படத்தைப் பெறுகிறார்கள். முதற்பார்வைக்கு அவை வியப்பூட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் பலவற்றை இரண்டாம் முறை பார்க்கத் தோன்றுவதில்லை. ஏன்? இயற்பியல் கற்பிக்கும் ஒருவரின் கண்கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாலந்து மேசை

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஹார்லெம் நகரில் வாழ்ந்த வில்லெம் கிளாஸ் ஹேடா 1635ஆம் ஆண்டில் தீட்டிய ஓர் ஓவியம் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்முலாம் பூசிய கிண்ணம் ஒன்று அதில் இடம்பெறுவதால் அக்கிண்ணத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. 88 சென்டிமீட்டர் உயரமும் 113 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பலகையில் ஒரு விருந்து முடிந்த மேசையை அவர் காட்டுகிறார். வெள்ளிப் பாத்திரம் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. சிப்பிகள் திறந்திருக்கின்றன. பாதி தோலுரித்த எலுமிச்சையின் தோல் சுருளாகத் தொங்குகிறது. பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலப்பு உலோகச் சாடி ஒன்றும், ரூமர் எனப்படும் பசுமை கலந்த மதுக்கிண்ணம் ஒன்றும் உள்ளன. பின்னால் வெறும் சுவர். படம் முழுவதும் சாம்பல் நிறத்தின் பல படிகள். இடையிடையே ஒருசில இடங்களில் மட்டும் மஞ்சள்.

இவ்வகை ஓவியங்கள் கண்ணால் கண்டதை அப்படியே எழுதியவை என்று எண்ணிவிடக் கூடாது. அவை திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. வெவ்வேறு பருவங்களில் பூக்கும் மலர்களை ஒரே குடுவையில் சேர்த்துத் தீட்டுவது அக்கால மலர் ஓவியர்களின் வழக்கம். யான் வான் ஹைசம் தீட்டிய மலர் ஓவியம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. அதில் அவர் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளைக் குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். ஒரே நேரத்தில் எங்கும் இருந்திராத ஒரு பூங்கொத்தை அவர் பகுதி பகுதியாகச் சேர்த்துக் கட்டினார். அவ்வகையில் பார்த்தால், கணிப்பொறியில் பொருள்களை ஒவ்வொன்றாக அமைத்துக் காட்சியைக் கட்டுவது ஓவிய மரபுக்குப் புறம்பானதன்று. கணிப்பொறிப் படம் செயற்கையானது, ஆகவே கலை ஆகாது என்று வாதிடுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். குறை அங்கே இல்லை.

சமன்பாட்டில் அடங்கிய ஒளி

கணிப்பொறியில் இத்தகைய படம் இரு படிகளில் உருவாகிறது. முதற்படி மாடலிங் எனப்படும் உருவமைத்தல். பொருளின் வடிவம், அதன் பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா, உலோகமா கண்ணாடியா என்பன யாவும் எண்களாகத் தரப்படுகின்றன. இரண்டாம் படி ரெண்டரிங் எனப்படும் படமாக்கல். ஒளிமூலத்தையும் பார்வை இடத்தையும் குறித்துவிட்டால், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் வந்து சேரும் ஒளியின் அளவைக் கணிப்பொறி கணக்கிட்டுத் தருகிறது.

இத்துறையின் புகழ்பெற்ற மாதிரிப் பொருள் ஒன்றும் ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்தே வந்தது என்பது சுவையான செய்தி. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் கூசாவை வளைகோடுகளால் அளந்து எண்களாக்கினார். எண்களில் அமைந்த அந்தக் கூசாவுக்கு முதலில் அடிப்பாகமே கிடையாது! ஆயினும் அது ஆயிரக்கணக்கான படங்களில் இடம்பெற்றது. அந்த உண்மையான கூசா இன்று கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1980இல் டர்னர் விட்டட் என்பவர், கண்ணிலிருந்து புறப்பட்டு ஒளி வந்த பாதையில் பின்னோக்கிச் செல்லும் கதிர்வழித் தேடல் முறையை விரிவாக வெளியிட்டார். அவருடைய கண்ணாடி உருண்டைகளில் எதிரொளிப்பும் ஒளிவிலகலும் முறைப்படி தோன்றின. அக்காலத்துக் கணிப்பொறிக்கு அந்த ஒரு படத்தை முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், ஒரு வண்ணச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அடுத்த பரப்பிலும் அந்நிறத்தைப் படியச் செய்வதைக் கணக்கிட்டுக் காட்டினர். 1986இல் ஜேம்ஸ் கஜியா இவை அனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி என்பது, அப்புள்ளி தானே வெளியிடும் ஒளியும், எல்லாத் திசைகளிலிருந்தும் அதன் மீது விழுந்து திரும்பும் ஒளியும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஆற்றல் அழிவின்மை விதியின் ஒரு வடிவமே இது எனலாம்.

இச்சமன்பாட்டுக்கு நேரடியாக விடை காண இயலாது. ஆகவே கதிர்களைக் குலுக்கல் முறையில் பல திசைகளில் அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். கதிர்கள் குறைவாயின் படம் மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக இருக்கும். அப்புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். பொறுமைக்கு ஓவியர் மட்டுமே உரியவர் அல்லர். கணிப்பொறிக்கும் அது வேண்டியிருக்கிறது!

எங்கள் பழம்

ஒரு விடுமுறையில் மாணவர் நால்வரும் நானும் சேர்ந்து ஹேடாவின் மேசையைப் போன்ற ஒன்றை அமைத்துப் பார்த்தோம். பிளெண்டர் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினோம். ஆம்ஸ்டர்டாமிலிருந்தே வெளிவரும் இம்மென்பொருள் 2002 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. தட்டு, கண்ணாடிக் கிண்ணம், அரை எலுமிச்சை, துணி ஆகிய நான்கே பொருள்கள்.

தட்டும் கிண்ணமும் வியக்கத்தக்க வகையில் அமைந்தன. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்று கொடுத்தோம். நேராக விழும் ஒளியில் 4 விழுக்காடு மட்டுமே திரும்புவதும், சாய்வாக விழ விழத் திரும்பும் அளவு பெருகி, விளிம்பில் கண்ணாடியே ஆடி போல் மின்னுவதும் பிரெனெல் கண்ட விதிப்படி தாமாகவே வந்தன. வகுப்பில் கரும்பலகையில் எழுதும் சமன்பாடு ஒரு கிண்ணத்தின் விளிம்பில் பளிச்சிடுவதைக் கண்டபோது மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது.

பழம்தான் எங்களை வாட்டியது. முதல் முயற்சியில் அது பிளாஸ்டிக் பொம்மை போல இருந்தது. ஒளி பரப்பிலேயே திரும்பிவிடும் என்று அமைத்திருந்ததே காரணம். பிறகு ஒளி உள்ளே புகுந்து வேறிடத்தில் வெளிவரும் முறையைச் சேர்த்தோம். இம்முறையை 2001இல் ஹென்ரிக் வான் யென்சனும் அவர் குழுவினரும் கணிப்பொறிக்கு ஏற்றவாறு எளிமைப்படுத்தினார்கள். இப்போது பழம் மெழுகாகிவிட்டது! தோல், வெள்ளைப் பகுதி, சுளை மூன்றுக்கும் ஒரே அளவைக் கொடுத்தது எங்கள் பிழை. மூன்றையும் பிரித்து அமைத்த பிறகே பழம் பழமாயிற்று. கடையில் வாங்கிய பழத்தை நறுக்கி எதிரே வைத்துக்கொண்ட அன்றுதான் இந்தப் பிழை எங்களுக்குப் புலப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் படத்தைத் திரையில் நிறுத்தி, பக்கத்தில் ஹேடாவின் ஓவியப் பிரதியை வைத்துப் பார்த்தோம். எங்கள் படத்தில் ஒளியியல் பிழை எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை. ஆயினும் ஒரு மாணவி, "நம் படம் கடைக்காரர் பொருள் பட்டியலுக்கு எடுத்த புகைப்படம் போல இருக்கிறது" என்றார். அந்தத் தீர்ப்பு சரியானதே. இவ்வகைப் படங்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும். ஏன் அவ்வாறு ஆகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

காரணமற்ற கீறல்

புதுப்பொருள் போல் பளபளப்பதைத் தவிர்க்க, கணிப்பொறிப் படங்களில் கீறலும் கறையும் தூசியும் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது, கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட, இரைச்சல் சார்பு எனப்படும் கணிதச் சூத்திரம். மேகம், பளிங்கு, துரு போன்ற ஒழுங்கற்ற தோற்றங்களை அது எளிதில் உண்டாக்கும். மிகச் சிறந்த கண்டுபிடிப்பு அது, மறுப்பதற்கில்லை.

ஆனால் சாப்பாட்டுத் தட்டின் கீறல்கள் ஒழுங்கற்றவை அல்ல. கத்தி படும் நடுப்பகுதியில் அவை மிகுதி, விளிம்பில் குறைவு. சாடியின் கைப்பிடி பலமுறை பிடிக்கப்பட்டு வழவழப்பாகிறது. அதன் அடியிடுக்கில் அழுக்கு தங்குகிறது. நெடுநாள் மடித்து அழுத்தி வைத்த மேசைத்துணியை விரித்தால் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். இக்கோடுகளை ஹாலந்து ஓவியர்கள் மறக்காமல் தீட்டினார்கள். கணிப்பொறியில் துணியை மேசை மீது விழச் செய்தால், ஈர்ப்பு விதிப்படி அது அழகாகத் தொங்குகிறது. ஆனால் அத்துணி அலமாரியில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்பது இயற்பியலின் அடிப்படை நம்பிக்கை. ஹேடாவின் கவிழ்ந்த பாத்திரத்தைக் கண்டதும், யாரோ சற்று முன்தான் எழுந்து போனார் என்று உணர்கிறோம். காரணமற்ற கீறல்கள் நிறைந்த படத்தில் எவரும் உணவருந்தியதாகத் தோன்றுவதில்லை. ஒளிக்கு இயற்பியலை முழுமையாகப் பின்பற்றியவர்கள், பொருளின் வரலாற்றுக்கு வரும்போது அதைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

வெள்ளைக்கு மேல் வெள்ளை இல்லை

இரண்டாவது காரணம் ஒளிச்செறிவைப் பற்றியது. சன்னலோர மேசையில் உலோகத்தின் மீது மின்னும் புள்ளிக்கும் மேசையடி நிழலுக்கும் இடையேயுள்ள செறிவு வேறுபாடு ஆயிரம் மடங்கையும் எளிதில் தாண்டும். ஓவியரிடம் உள்ள வெள்ளைச் சாயமோ தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் திருப்பும். கருப்புச் சாயம் 3 அல்லது 4 விழுக்காட்டைத் திருப்பும். ஆக, அவர் கையிலுள்ள வேறுபாடு சுமார் 30 மடங்கே. ஆயிரத்தை முப்பதுக்குள் அடக்க வேண்டும்!

ஹேடா இதை எப்படிச் சாதித்தார்? மேசை முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் தாழ்த்தி வைத்தார். தூய வெள்ளையைச் சேமித்து வைத்து, ஒருசில மின்னல் புள்ளிகளுக்கு மட்டுமே செலவிட்டார். நம் கண் செறிவுகளின் அளவை உணர்வதைவிட அவற்றின் விகிதத்தையே நன்றாக உணர்கிறது. ஆகவே சாம்பலின் நடுவே ஒரு பொட்டு வெள்ளை, விளக்கு போல் ஒளிர்கிறது. இருண்ட கிண்ணத்தின் பக்கத்தில் சுவரைச் சற்று வெளிறச் செய்வதும், வெளிச்சம் படும் பக்கத்தில் சுவரைச் சற்று இருளச் செய்வதும் ஓவியர்கள் கையாளும் வழி. இதனால் பொருளின் விளிம்பு தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

கணிப்பொறியும் கணக்கிட்ட செறிவுகளைத் திரையின் எல்லைக்குள் சுருக்கியே ஆக வேண்டும். அதற்குப் பல முறைகள் 1990கள் முதல் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் வழக்கமாகப் பயன்படும் முறை படம் முழுவதற்கும் ஒரே வளைகோட்டைப் பொருத்துகிறது. எந்தப் பொருளுக்கு வெள்ளையைச் சேமிப்பது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

கண்ணாடிக் கிண்ணத்தின் ஊடே சென்ற ஒளி துணி மீது குவிந்து ஒரு பொலிவான திட்டாக விழுவதை அந்நாளைய ஓவியர்கள் விரும்பித் தீட்டினார்கள். கண்ணிலிருந்து பின்னோக்கிச் செல்லும் கதிர்கள் இப்பாதையைக் கண்டுபிடிப்பது அரிது. ஆகவே காலத்தை மிச்சப்படுத்தப் பலரும் அதைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். படத்தில் மிக அழகான இடம் எதுவோ, அதுவே செலவு மிகுந்தது என்று வெட்டப்படுகிறது!

ஓவியர்கள் இயற்பியலை எப்போதும் மதித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பாட்ரிக் கவனா 2005இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், ஓவியங்களில் நிழல்களும் எதிரொளிப்புகளும் பல இடங்களில் விதிக்கு முரணாக உள்ளதையும், பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். கண் எதைக் கேட்கிறதோ அதை ஓவியர் கொடுக்கிறார். கணிப்பொறி, ஒளி எதைச் செய்யுமோ அதைக் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

தூரிகை வேடம்

மூன்றாவது காரணம் தூரிகையைப் பற்றிய தவறான கருத்து. படம் ஓவியம் போல் தோன்றவில்லை என்றால், உடனே அதன் மீது தூரிகை வீச்சுகளை ஏற்றும் ஒரு வடிகட்டியைப் பூசிவிடுகிறார்கள்.

இம்முறையின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1990இல் பால் ஹேபர்லி அமைத்த முறையில், மூலப்படத்திலிருந்து நிறத்தைக் கணிப்பொறி எடுத்துக்கொடுக்கும். ஆனால் தூரிகை எங்கே பட வேண்டும் என்பதை மனிதக் கை தீர்மானித்தது. 1998இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் அதைத் தானியங்கியாக்கினார். முதலில் பெரிய தூரிகையால் முழுவதையும் தீட்டி, மூலத்தோடு வேறுபாடு மிகுந்த இடங்களில் மட்டும் மேலும் மேலும் சிறிய தூரிகைகளைப் பயன்படுத்துவது அவர் முறை. மிகவும் அறிவார்ந்த வழிதான். ஆனால் நுணுக்கம் மிகுந்த இடமும் முக்கியமான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையே! பூவேலை செய்த துணிக்கு அம்முறை சிறு தூரிகையை எடுக்கும். தன்னந்தனியாகக் கிடக்கும் பழத்துக்கு அது பெரிய தூரிகையோடு நின்றுவிடும். ஓவியர் நேர்மாறாகச் செய்யக்கூடும்.

இன்னொன்று. ஹேடாவின் பலகையில் தூரிகைத் தடங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அதனால் அது ஓவியம் இல்லையென்று ஆகிவிடுமா? ஓவியத்தன்மை தூரிகைத் தடத்தில் இல்லை. எதைத் தெளிவாகக் காட்டுவது, எதை இருளில் விடுவது என்னும் தேர்வில் இருக்கிறது. செசானின் 'ஆப்பிள் கூடை' சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. அதில் மேசையின் இடப்பக்க விளிம்பும் வலப்பக்க விளிம்பும் ஒரே நேர்கோட்டில் சேர்வதில்லை. ஒரு கண்ணை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தியவருக்கு அப்படித் தோன்றாது. தலையை அசைத்து, சாய்ந்து, மீண்டும் பார்த்த மனிதருக்கே தோன்றும். கணிப்பொறியின் பார்வை இடம் ஒரு கணிதப் புள்ளி. அதற்குக் கழுத்து கிடையாது.

இக்குறைகளை நீக்க மென்பொருளில் வழியே இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். உண்டு. துணிக்கு மடிப்புக் கோடு போடலாம். கத்தி பட்ட இடத்தில் மட்டும் கீறலாம். வேண்டிய இடத்தில் சுவரை வெளிறச் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றையும் ஒருவர் நினைத்துச் செய்ய வேண்டும். மென்பொருள் தானாகத் தருவதை ஏற்றுக்கொண்டு நிறுத்திவிடுவதே குறை. கருவியின் மீது பழி இல்லை. அதுபோலவே, ஹாலந்தின் மண்டையோட்டையும் ரூமர் கிண்ணத்தையும் இரவல் வாங்கி அடுக்குவதும் வேண்டாத வேலை. அந்நாட்டார்க்கு எலுமிச்சை தென்னாடுகளிலிருந்தும் மிளகு ஆசியாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிய பொருள்கள். பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய கூம்பில் மிளகை வைத்துத் தீட்டியதற்கு அவர்கள் வாழ்வில் ஒரு பொருள் இருந்தது. நம் மேசையில் எது அரியது என்று நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

உருண்டைக்குள் யார்?

முடிவாக ஓர் ஓவியத்தைச் சொல்ல வேண்டும். ஹேடாவின் காலத்தவரும் அதே ஹார்லெம் நகரத்தவருமான பீட்டர் கிளாஸ் 1628ஆம் ஆண்டளவில் தீட்டிய அது ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் உள்ளது. மேசை மீது வயலின், மண்டையோடு, கடிகாரம் ஆகியவற்றோடு ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறது. உற்றுப் பார்த்தால், குவியாடியில் தோன்றுவது போலச் சிறுத்த உருவில், அவ்வுருண்டைக்குள் சன்னலும் அறையும், படச்சட்டத்தின் முன் அமர்ந்து தீட்டிக்கொண்டிருக்கும் ஓவியரும் தெரிகிறார்கள்.

இன்றும் கணிப்பொறிக் கலையில் உருண்டைக்கு இடமுண்டு. 1998இல் பால் டெபெவெக் காட்டிய வழியில், ஓர் இடத்தின் உண்மையான ஒளியைப் பதிவு செய்ய, பளபளக்கும் உலோக உருண்டையைப் புகைப்படம் எடுக்கிறார்கள். அதில் தெரியும் ஒளியைக் கொண்டு கணிப்பொறிப் பொருள்களுக்கு வெளிச்சம் தருகிறார்கள். அந்தப் புகைப்படத்தில் படமெடுத்தவரின் உருவமும் விழுந்துவிடும். அதை நீக்குவதற்காக, வேறொரு கோணத்திலிருந்து இன்னொரு படமும் எடுத்து இரண்டையும் இணைப்பது வழக்கம்.

கிளாஸ் தம்மை உருண்டைக்குள் வைத்தார். நாம் முயன்று நம்மை அதிலிருந்து அழிக்கிறோம். கணக்கீட்டுக்கு அது தேவையே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் படத்திலிருந்தும் நாம் நீங்கிவிட்டால், எஞ்சுவது எவரும் பாராத ஒரு மேசை.

ஆகவே இக்கலையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். கணிப்பொறியில் கற்றுக்கொள்ளுங்கள்; ஒளியியலை இதைவிட இனிமையாகக் கற்க வேறு வழி அரிது. ஆனால் அதை இயக்குவதற்கு முன் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிச் சன்னலோரம் வைத்து, அரை மணி நேரம் அதன் முன் அமர்ந்து பாருங்கள். அதில் உங்கள் கண் எங்கே தங்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று குறித்து வையுங்கள். கணிப்பொறிக்கு நீங்கள் தர வேண்டிய எண்களில் அக்குறிப்பே முதலாவது.